ஒரு வீட்டுக்கு ஒரு ஜாடி

ஓடீல்: மெதுவாப் பேசு. மெர்வின் வாசல்ல பூட்ஸ் கழட்டிக்கிட்டு இருக்காரு.

எல்வுட்: அவரு அதைக் கழட்டி முடிக்கறதுக்குள்ள குளிர்காலமே வந்துடும். இன்னொரு தடவை சொல்றேன், அப்புறம் மாத்திப் பேசக்கூடாது. ஒண்ணாம் நம்பர் ஜாடி என் தேன் ஜாம். ரெண்டாம் நம்பர் உன் மேப்பிள் மரப் பாகு ஜாம்.

ஓடீல்: தெரியும். நம்பர் ஒட்டினதே நான்தான்.

எல்வுட்: எது யாருதுன்னு அவருகிட்ட மூச்சு விடக்கூடாது.

ஓடீல்: நீ முதல்ல அப்படி இளிக்காம இரு. உன் மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்.

எல்வுட்: என் மூஞ்சி பொறந்ததுல இருந்தே இப்படித்தான்.

ஓடீல்: அது உன் அம்மாவோட கவலை.

மெர்வின்: உள்ள வரலாமா?

எல்வுட்: வாங்க நடுவரே, வாங்க! உட்காருங்க. ஓடீல், அந்த நாற்காலில இருந்து பூனையை இறக்கி விடு.

மெர்வின்: நான் இங்க வந்ததே தப்பு. நாளைக்குப் பொருட்காட்சில சர்க்கரை சேர்க்காத ஜாமுக்கு மார்க் போடப் போறவன், இன்னிக்கு வீட்டுல வந்து உட்கார்ந்து ருசி பார்க்கலாமா? வெளியில தெரிஞ்சா என் மானம் போயிடும்.

ஓடீல்: யாருக்குத் தெரியப் போகுது? எங்க பக்கத்து வீடே ஒன்றரை மைல்.

எல்வுட்: வேற வழியில்ல நடுவரே. போன வருஷம் வரைக்கும் ஆளுக்கு ஒரு ஜாடி வைக்கலாம். நான் ஒண்ணு, இவ ஒண்ணு. ரெண்டும் தோக்கும், வீட்டுக்கு வந்து சண்டை போட்டுட்டுத் தூங்குவோம். இந்த வருஷம் எவனோ ஒரு மகராசன், ஒரு வீட்டுக்கு ஒரு ஜாடிதான்னு சட்டம் போட்டுட்டான்.

மெர்வின்: அந்த மகராசன் நான்தான்.

எல்வுட்: ...நல்ல சட்டம்.

ஓடீல்: ரொம்ப நல்ல சட்டம். மேசை மேல நெரிசல் இல்லாம இருக்கும்.

மெர்வின்: அஞ்சு மணிக்குப் பதிவு மூடிடுவாங்க. இப்ப மணி நாலு. ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ண முடியலையா?

ஓடீல்: கல்யாணமான நாள்ல இருந்து, இருபத்திரண்டு வருஷமாப் பேசறோம். இவனுக்கு ஜாம்னா தேன். எனக்கு ஜாம்னா மேப்பிள் பாகு. காகிதத்துல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம். நீங்க எதை நல்லா இருக்குன்னு சொல்றீங்களோ, அது நாளைக்குப் போகும். தோத்தவங்க ஜாம் இனிமே இந்த அடுப்புல ஏறவே கூடாது.

மெர்வின்: ஏறவே கூடாதுன்னா?

எல்வுட்: சாகுற வரைக்கும்.

மெர்வின்: அடப்பாவிகளா... ஒரு ஜாமுக்காகவா?

எல்வுட்: சாதாரண ஜாமா? போன குளிர்ல என்கிட்ட ஏழு தேன்பெட்டி. ஆறு பெட்டி தேனீ மொத்தமா செத்துப் போச்சு. மிச்சம் ஒண்ணே ஒண்ணு. இந்த ஜாடில இருக்கறது அந்த... ஐயோ, எந்த ஜாடின்னு சொல்ல மாட்டேன்.

ஓடீல்: சொல்லிடுவான், சொல்லிடுவான். மெர்வின், எங்கப்பாவோட மேப்பிள் தோப்பை என் அண்ணன் வித்துட்டான். புதுசா வந்தவன் மரத்தை வெட்டி ரோடு போட்டுட்டான். அப்பா கையால காய்ச்சின பாகு, கீழ் அறைல நாலே டப்பா இருந்துச்சு. அப்பா பேர் ஒரு தடவையாவது பொருட்காட்சி மேசை மேல ஏறணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.

மெர்வின்: ம்... புரியுதும்மா. சரி, கொண்டாங்க.

எல்வுட்: இந்தாங்க, ஒண்ணாம் நம்பர்.

மெர்வின்: முதல்ல மூடி. நடுவுல அமுக்கிப் பார்க்கணும்... சத்தம் வரல. நல்லா உள்ள இழுத்திருக்கு. மூடி வளையத்துல துரு இல்ல. மூடிக்கும் ஜாமுக்கும் நடுவுல கால் அங்குலம்... இருக்கு. சுத்தம். வேலைன்னா இது வேலை.

எல்வுட்: ருசி பாருங்க நடுவரே.

மெர்வின்: அவசரப்படாத தம்பி. வெளிச்சத்துல காட்டணும். ஆகா... என்ன நிறம்.

ஓடீல்: ப்ளூபெர்ரி நிறம்தான். ரெண்டுலயும் அதே பழம்தான்.

மெர்வின்: ஜாடியைச் சாய்ச்சா கொஞ்சம் ஓடுது. கொஞ்சம் என்ன... தாராளமா ஓடுது.

எல்வுட்: சர்க்கரை போடாத ஜாம் அப்படித்தான் இருக்கும்! ஓடினாத்தான் அசல்!

ஓடீல்: ஓ... ஓடினாத்தான் அசலா?

எல்வுட்: நான் பொதுவாச் சொன்னேன்.

மெர்வின்: ரெண்டாம் நம்பரைக் குடும்மா. மூடி... நல்லா இருக்கு. கால் அங்குலம்... ஒரு நூல் குறையுது, பரவாயில்ல. சாய்ச்சா... அட! நகரவே இல்ல. ஸ்பூன் குத்தினா அப்படியே நிக்குது பாரு, கொடிக்கம்பம் மாதிரி.

எல்வுட்: ஆமா, நிக்குதே... எப்படி நிக்குது?

ஓடீல்: பக்குவம்.

எல்வுட்: இருபத்திரண்டு வருஷமா நிக்காதது இந்த வருஷம் நிக்குது.

ஓடீல்: இருபத்திரண்டு வருஷமா கத்துக்கிட்டேன்.

எல்வுட்: பளபளப்பு வேற. கண்ணாடி மாதிரி.

ஓடீல்: உனக்குப் பொறாமைன்னா வெளில போய் உன் தேனீகிட்ட சொல்லி அழு.

மெர்வின்: ரெண்டு பேரும் வாயை மூடினா நான் என் வேலையைப் பார்ப்பேன்.

எல்வுட்: நீங்க இன்னும் வாயைத் திறக்கவே இல்லையே நடுவரே! கால் மணி நேரமா மூடியைத் தட்டறீங்க, ஜாடியை ஆட்டறீங்க. ருசி எப்பப் பார்ப்பீங்க?

மெர்வின்: முப்பத்தோரு வருஷமா நடுவரா இருக்கேன். எனக்குச் சொல்லித் தர்றியா? இதோ... ஒண்ணாம் நம்பர்...

எல்வுட்: ...

ஓடீல்: ...

மெர்வின்: ம்ம்ம்.

எல்வுட்: எப்படி?

மெர்வின்: இரு... இது உடனே சொல்ற ருசி இல்ல. இன்னொரு ஸ்பூன்.

ஓடீல்: தாராளமாச் சாப்பிடுங்க.

மெர்வின்: ம்ம்... ஆழமான ருசி. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு வருது.

எல்வுட்: பின்னாடி என்ன வருது?

மெர்வின்: ஒரு... பூ மாதிரி?

எல்வுட்: பூ!

மெர்வின்: ஆமா, பூதான். சந்தேகமே இல்ல. மலை அடிவாரத்துல ஜூலை மாசம் பூக்குமே...

எல்வுட்: க்ளோவர் பூ!

மெர்வின்: அதேதான், நாக்கு நுனில வந்துச்சு. ஓடீல், கொஞ்சம் தண்ணி குடும்மா.

ஓடீல்: இந்தாங்க. இப்ப ரெண்டாம் நம்பர்.

மெர்வின்: ம்... ம்ம்...

ஓடீல்: என்ன தெரியுது?

மெர்வின்: இதுவும் நல்லாத்தான் இருக்கு.

ஓடீல்: 'இதுவும்'னா என்ன அர்த்தம்? முன்னாடி, பின்னாடி ஒண்ணும் வரலையா?

மெர்வின்: வருது, வருது... முன்னாடிதான் நிறைய வருது.

ஓடீல்: புகை வாசனை வரலையா? எங்கப்பா விறகு அடுப்புல காய்ச்சின... அதாவது... ஏதாவது புகை?

எல்வுட்: ஏய்! எடுத்துக் குடுக்கற! இது அழுகுணி ஆட்டம்!

ஓடீல்: நீ மட்டும் க்ளோவர்னு கத்தலாமா?

மெர்வின்: தண்ணி... இன்னொரு கிளாஸ் குடும்மா. என்னமோ இன்னிக்குத் தொண்டை வறண்டு வறண்டு போகுது. ஒண்ணாம் நம்பரை இன்னும் ஒரு தடவை பார்த்துடறேன். ம்ம்... ஆகா... இன்னும் ஒண்ணு.

எல்வுட்: அஞ்சாவது ஸ்பூன்! எண்ணிக்கோ ஓடீல், அஞ்சு!

மெர்வின்: முடிவு பண்ணிட்டேன். ஒண்ணாம் நம்பர்.

எல்வுட்: ஆ! ஆ! ஓடீல்! கேட்டியா! ஒத்தைப் பெட்டித் தேனீ! குளிர்ல சாகாம கிடந்துச்சே, இதுக்குத்தான் கிடந்துச்சு! எனக்கு அழுகையே வருது!

ஓடீல்: ...எனக்கும்தான் வருது. வேற காரணத்துக்கு.

மெர்வின்: அழாதம்மா. ரெண்டாம் நம்பரும் மோசமில்ல.

ஓடீல்: மெர்வின், நிஜமாவே அது அவ்வளவு நல்லா இருக்கா?

மெர்வின்: இந்த நாலு வருஷத்துல நான் தின்ன ஜாம்லயே இதுக்கு மேல ஒண்ணு இல்லம்மா. சத்தியமாச் சொல்றேன்.

ஓடீல்: அப்ப நானும் ஒரு வாய் பார்த்துடறேன். இனி சாகுற வரைக்கும் இந்த வீட்டுல அதைத்தானே திங்கணும். ஸ்பூனை இங்க குடு.

எல்வுட்: எடுத்துக்கோ, எடுத்துக்கோ. தோத்தவங்களுக்கு ஒரு ஸ்பூன் இலவசம்.

ஓடீல்: இதோ, வாயில வைக்கறேன்.

எல்வுட்: எப்படி இருக்கு?

ஓடீல்: த்தூ! த்தூ! ஐயோ கடவுளே... தண்ணி! தண்ணி எங்க?

எல்வுட்: நடிக்காத.

ஓடீல்: உப்பு! உப்புடா! கடல் தண்ணில பழத்தை வேக வச்சா மாதிரி!

எல்வுட்: பொறாமைல பேசற. குடு இப்படி... பூ வாசனையோட தேன்... த்தூ! த்தூ!

ஓடீல்: வந்துச்சா க்ளோவர்?

எல்வுட்: இது... இது எப்படி...

ஓடீல்: நானும் அதைத்தான் கேக்கறேன். தேன் ஜாம்ல உப்பு எப்படி வந்துச்சு? தேனீ கடலுக்குப் போயிட்டு வந்துச்சா? கடல் இங்கேருந்து இருநூறு மைல்.

எல்வுட்: தெரியல.

ஓடீல்: இவ்வளவு உப்பு சிந்தி விழாது எல்வுட். ரெண்டு கப்பாவது அள்ளிப் போட்டிருக்கணும்.

எல்வுட்: ...ஒன்றரை.

ஓடீல்: ஊறுகாய் போட வாங்கி வச்ச உப்பு. கண்ணாடி டப்பால இருக்கும். அலமாரில பக்கத்துலயே அதே மாதிரி டப்பால சர்க்கரை இருக்கும். ஒருத்தன் ஜாம்ல ஒன்றரை கப் உப்பை ஏன் அள்ளிப் போடுவான்? அதைச் சர்க்கரைன்னு நினைச்சாத்தானே போடுவான்!

மெர்வின்: என்னது? சர்க்கரையா? சர்க்கரை சேர்க்காத ஜாம் போட்டிலயா?

எல்வுட்: நடுவரே, ஒரு நிமிஷம் கேளுங்க. மூணு தடவை காய்ச்சினேன். மூணு தடவையும் சூப்பு மாதிரி ஓடுச்சு. இறுகறதுக்குப் போடுற பெக்டின் பொடியும் தீர்ந்து போச்சு. தேன் கடைசி அரைக் கிலோ. அதுவும் போச்சுன்னா அடுத்த கோடை வரைக்கும் ஒரு துளி கிடையாது. ஒரே ஒரு தடவை சர்க்கரை போட்டா என்னன்னு...

ஓடீல்: இருபத்திரண்டு வருஷமா ஜாம் காய்ச்சறவன் ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பார்க்கலையா?

எல்வுட்: நீ கோழிக்கூட்டுல இருந்து வர்ற சத்தம் கேட்டுச்சு! விளக்கைக் கூடப் போடாம அலமாரிக்குள்ள கையை விட்டேன். கிடைச்ச டப்பாவைக் கவுத்தேன், ஜாடில ஊத்தினேன், மூடினேன். அப்புறம் ஆறு ஜாடியும் மூடி இறுகிடுச்சு.

ஓடீல்: திருடன்! சமையலறைத் திருடன்! இருபத்திரண்டு வருஷம் ஒரு திருடன்கூடக் குடும்பம் நடத்தியிருக்கேன். மெர்வின், எழுதிக்கோங்க. ரெண்டாம் நம்பர்தான் போகுது.

எல்வுட்: இரு. இரு, இரு, இரு.

ஓடீல்: என்ன இரு?

எல்வுட்: அலமாரில சர்க்கரை டப்பா முன்னாடி இருக்கும். உப்பு டப்பா பின்னாடி இருக்கும். நம்ம கல்யாணம் ஆன நாள்ல இருந்து அப்படித்தான். நான் முன்னாடி இருந்த டப்பாவைத்தான் எடுத்தேன்.

ஓடீல்: அதனால?

எல்வுட்: முன்னாடி இருந்த சர்க்கரை டப்பா எங்க போச்சு?

ஓடீல்: ...எனக்கு என்ன தெரியும்.

எல்வுட்: நேத்துக் காலைல நீ ஜாம் போட்ட. மத்தியானம் நான் போட்டேன். நடுவுல இந்தச் சமையலறைக்குள்ள வந்தது பூனை மட்டும்தான்.

ஓடீல்: எறும்பு வருதுன்னு இடம் மாத்தி வச்சேன்.

எல்வுட்: எங்க?

ஓடீல்: ஒரு இடத்துல.

எல்வுட்: எந்த இடத்துல?

ஓடீல்: ...துணி துவைக்கற மெஷினுக்குள்ள.

எல்வுட்: நடுவரே, குறிச்சுக்கோங்க! எறும்புக்குப் பயந்து சர்க்கரையை வாஷிங் மெஷின்ல வச்சிருக்கா! டப்பால எவ்வளவு மிச்சம் இருக்கு ஓடீல்?

ஓடீல்: காலி.

எல்வுட்: கொடிக்கம்பம்! பக்குவமாம் பக்குவம்! அந்த ஸ்பூனை இப்படிக் குடு... ம்! வெள்ளைச் சர்க்கரை! பல்லு கூசுது! மேப்பிள் எங்கயோ ஒரு மூலைல உட்கார்ந்து அழுவுது!

ஓடீல்: ஆமா, போட்டேன்! போட்டேன்தான்! நாலு டப்பால மூணு தீர்ந்து போச்சு எல்வுட். கடைசி டப்பாவைத் திறந்தேன். மூடிக்கு உள்பக்கம் அப்பா பென்சில்ல தேதி எழுதியிருக்காரு. பாதிதான் ஊத்த முடிஞ்சுது. மீதியை ஊத்தக் கை வரல. ஊத்திட்டா அப்பா காய்ச்சினதுன்னு உலகத்துல ஒண்ணுமே இல்ல. அதான்... குறைஞ்ச அளவுக்குச் சர்க்கரையைப் போட்டேன்.

எல்வுட்: ...இதை நீ என்கிட்ட சொல்லியிருக்கலாம்.

ஓடீல்: சொன்னா நீ தேன் குடுத்திருப்ப.

எல்வுட்: குடுத்திருப்பேன்தான்.

ஓடீல்: அதான் சொல்லல.

எல்வுட்: அந்த மீதிப் பாகு டப்பா இப்ப எங்க இருக்கு?

ஓடீல்: அதுவும் வாஷிங் மெஷின்ல.

எல்வுட்: இன்னிக்குத் துணி போட்டுடாத தாயே.

மெர்வின்: மணி நாலு நாப்பது. அங்க போய்ச் சேரப் பதினஞ்சு நிமிஷம் ஆகும். எதை எடுத்துட்டுப் போறதுன்னு சொல்லுங்க.

ஓடீல்: எதை எடுத்துட்டுப் போறது? ஒண்ணு உப்பு, ஒண்ணு மோசடி. இந்த வருஷம் இந்த வீட்டுல இருந்து ஒண்ணும் வரலைன்னு எழுதிக்கோங்க.

எல்வுட்: ஆமா. அந்தக் காகிதத்தையும் கிழிச்சுப் போடு.

மெர்வின்: இருங்க. நான் விதிமுறைப் புத்தகத்தைச் சட்டைப்பைலயே வச்சிருக்கேன். இதோ... 'கரும்பு, பீட்ரூட், சோளம், எதுல இருந்து எடுத்த சர்க்கரையும் சேர்த்திருக்கக் கூடாது. தேன், மேப்பிள் பாகு, பழச்சாறு சேர்க்கலாம்.' அவ்வளவுதான். உப்பு பத்தி ஒரு வார்த்தை இல்ல.

எல்வுட்: அதுக்கு?

மெர்வின்: ஒண்ணாம் நம்பர்ல தேன் இருக்கு, பழம் இருக்கு, உப்பு இருக்கு. ஒரு சிட்டிகை சர்க்கரை கூட இல்ல. சட்டப்படி இந்த வீட்டுல உள்ள ஒரே யோக்கியமான ஜாம் அதுதான்.

ஓடீல்: மெர்வின், உங்களுக்கு மூளை கலங்கிப் போச்சா? அதை மனுஷன் வாயில வைக்க முடியாது!

மெர்வின்: நான் வச்சேனே.

ஓடீல்: ஆமா... வச்சீங்க.

எல்வுட்: அஞ்சு ஸ்பூன் வச்சாரு.

ஓடீல்: முகம் கூடச் சுளிக்கல.

எல்வுட்: முன்னாடி ஒண்ணு வருது, பின்னாடி ஒண்ணு வருதுன்னாரு. பூன்னாரு.

மெர்வின்: பூன்னு சொன்னது நீ தம்பி... நான் பூ மாதிரின்னுதான் சொன்னேன். அந்தத் தண்ணி ஜக்கை இந்தப் பக்கம் தள்ளு.

ஓடீல்: மெர்வின். என்னைப் பாருங்க. அந்தப் பக்கம் பார்க்காதீங்க. நான் ஒரு சொட்டுலயே செத்துப் பிழைச்சேன். அஞ்சு ஸ்பூன் உப்பைத் தின்னுட்டு, நாலு வருஷத்துல இதுக்கு மேல ஒண்ணு இல்லன்னு சத்தியம் பண்ணீங்களே, எப்படி?

மெர்வின்: சத்தியம் பொய்யில்லம்மா. நாலு வருஷத்துக்கு முன்னாடி அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அதுல நாக்கு செத்துப் போச்சு. உப்பு, இனிப்பு, கசப்பு, ஒண்ணும் தெரியாது, எல்லாம் ஈரக் காகிதம்தான். சொன்னா நடுவர் வேலை போயிடும். வருஷத்துல அந்த ஒரு நாள்தான் ஜனங்க என் பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க, அதை விட எனக்கு மனசு வரல. அதனால ஜாமைப் பார்க்கறதை விட்டுட்டு, பொருட்காட்சில கட்டியிருக்கற கயித்துக்கு அந்தப் பக்கம் நிக்கற மூஞ்சிகளைப் பார்க்கறேன். ஸ்பூன் என் வாய்க்குள்ள போறப்ப யாரு மூச்சை அடக்கிக்கிட்டு நிக்கறாங்களோ, அவங்களுக்குத்தான் முதல் பரிசு, நீல ரிப்பன். இதுவரைக்கும் ஒருத்தர் கூடத் தப்புன்னு சொன்னதில்ல. இன்னிக்கும் ரெண்டு பேரும்தான் மூச்சை அடக்கிட்டு நின்னீங்க, ஆனா எல்வுட் ஜன்னல் பக்கம் நின்னான், உன் முகம் எனக்கு இருட்டுல தெரியல, அதான் அவன் ஜாடியைச் சொன்னேன். உப்பு ஜாம்ல திறக்காத ஜாடி ஒண்ணைத் துடைச்சு எடுத்துட்டு வாங்க, நாளைக்கு ரெண்டு பேருமா வெளிச்சத்துல நில்லுங்க.